சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கான சிறு யோகப் பயிற்சிகள்: இறுகிய இடுப்பையும் முதுகையும் தளர்த்த முழுமையான வழிகாட்டி

முதலில் ஒரு சோதனை செய்து பார்த்துவிடலாம். கட்டிலின் விளிம்பிலேயே பிட்டம் இருக்கும்படி உட்கார்ந்து, அப்படியே பின்னால் சாய்ந்து படுங்கள். இரண்டு முழங்கால்களையும் மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். இப்போது இடது முழங்காலை மட்டும் கைகளால் பிடித்தபடி, வலது காலை மெல்லக் கீழே தொங்க விடுங்கள். கீழ்முதுகு மெத்தையை விட்டு எழக் கூடாது. வலது தொடை மெத்தை மட்டத்துக்கு இறங்கினால் நல்லது. இறங்காமல் அந்தரத்தில் நின்றால், இடுப்பின் முன்பக்கத் தசை இறுகியிருக்கிறது. தொடை இறங்கியும் முழங்கால் மடங்கித் தொங்காமல் முன்னால் நீட்டிக்கொண்டால், முன்தொடைத் தசை இறுகியிருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரிட்டிஷ் எலும்பு மருத்துவர் ஹியூ ஓவன் தாமஸின் பெயரால் இதைத் தாமஸ் சோதனை என்பார்கள். பிசியோதெரபிஸ்டுகள் இன்றும் இதைச் செய்து பார்க்கிறார்கள்.

நான் முதல் முறை பார்த்தபோது என் தொடைக்கும் மெத்தைக்கும் நடுவே நாலு விரல் நுழைந்தது. அப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் திருவான்மியூரிலிருந்து ஈ.சி.ஆர் வழியாக மாமல்லபுரம் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். போய்வர ஏறத்தாழ 90 கிலோமீட்டர். திரும்பும் வழியில் முட்டுக்காடு பாலம் வருவதற்குள் கீழ்முதுகு பிடித்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றக் குனிந்தால் நிமிர முடியாது. முதுகுதானே வலிக்கிறது என்று தினமும் குனிந்து காலைத் தொடும் பயிற்சியாகச் செய்தேன். வலி குறையவில்லை, கூடத்தான் செய்தது.

என்ன தவறு என்று பிறகுதான் புரிந்தது. சைக்கிளில் உட்கார்ந்த நேரம் முழுக்க நாம் குனிந்துதான் இருக்கிறோம். இறங்கி வந்தும் குனிந்தால் முதுகுக்கு என்ன மாற்றம் கிடைக்கும்?

சவாரி என்பது மாற்று ஆசனம் இல்லாத ஒரே ஆசனம்

யோகாசனத்தில் பிரதிக்ரியாசனம் என்று ஒன்று உண்டு. முன்னால் வளைந்தால் அதை ஈடுசெய்ய மென்மையாகப் பின்னால் வளைவது, ஒரு பக்கம் முறுக்கினால் நடுநிலைக்குக் கொண்டுவருவது. தமிழில் மாற்று ஆசனம் என்கிறோம். யோக ஆசான் கிருஷ்ணமாச்சாரியாரின் மரபில், சென்னையில் 1976-ல் தொடங்கப்பட்ட கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரத்தின் வழியாக, இதற்கு மிகுந்த முக்கியத்துவம் கொடுத்துச் சொல்லித்தருகிறார்கள். இந்தக் கண்ணோடு சைக்கிளைப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். நாலு மணி நேரச் சவாரி என்பது நாலு மணி நேரம் செய்த ஒரே ஆசனம். மாற்று ஆசனம் மட்டும் யாரும் செய்வதில்லை.

நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 4,800. நாலு மணி நேரத்தில் ஒவ்வொரு காலும் 19,000 முறைக்கு மேல் சுற்றி வருகிறது. இத்தனை சுற்றிலும் ஒரு தடவைகூடத் தொடை உடம்புக்குப் பின்னால் போவதில்லை. நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் போகிறது, சைக்கிளில் போவதே இல்லை. பெடல் அடிமட்டத்துக்கு வரும்போதுகூட முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியே இருக்கிறது. அதனால் பின்தொடைத் தசையும் முழு நீளத்துக்கு விரிவதில்லை.

சோவாஸ் என்ற தசை கீழ்முதுகு எலும்புகளிலிருந்து புறப்பட்டு, இடுப்பின் முன்பக்கமாக இறங்கி, தொடை எலும்பின் உள்பக்கத்தைப் பிடிக்கிறது. மடங்கிய நிலையிலேயே மணிக்கணக்காக வேலை செய்த இந்தத் தசை, நாம் எழுந்து நிற்கும்போது விரிய மறுத்துக் கீழ்முதுகை முன்னால் இழுக்கும். வலி முதுகில் தெரிந்தாலும் காரணம் பல நேரம் இடுப்பின் முன்னால் இருக்கிறது. இன்னொரு பக்கம், பின்தொடை இறுகினால் ஹேண்டில்பாரை நோக்கிச் சாயும்போது இடுப்பெலும்பு திரும்பாது. அந்த வளைவை முழுக்க முதுகே தாங்க வேண்டியதாகிவிடும்.

ஆகவே கீழே உள்ள எல்லாவற்றுக்கும் ஒரே அடிப்படைதான். சைக்கிளில் உடம்பு எந்தத் திசையில் போகவே போகாதோ, அந்தத் திசைக்கு அதை மெல்லக் கூட்டிப்போக வேண்டும்.

தொடங்கும் முன்

பாய் அல்லது ஜமுக்காளம், இரண்டு துண்டு, ஒரு தலையணை, ஒரு வெறும் சுவர் போதும். யோகா பெல்ட் வாங்க வேண்டாம், பழைய வேட்டியோ துப்பட்டாவோ அதைவிட நன்றாக வேலை செய்யும்.

சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். இழுப்பு தெரியலாம், குத்தல் தெரியக் கூடாது. மூச்சு மூக்கின் வழியாக நிதானமாகப் போய் வர வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொள்கிறீர்கள் என்றால் அளவுக்கு மீறிப் போய்விட்டீர்கள் என்று பொருள், ஓர் அங்குலம் பின்வாங்குங்கள். டிஸ்க் விலகல், முழங்கால் அறுவை சிகிச்சை, கட்டுப்படாத ரத்த அழுத்தம், கிளாகோமா என்ற கண் அழுத்த நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே செய்ய வேண்டும்.

அப்புறம், சைக்கிளின் அளவு சரியாக இல்லாவிட்டால் எந்த ஆசனமும் உதவாது. சுவரைப் பிடித்தபடி சீட்டில் ஏறி உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, அதை அடிமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கால் நேராக நீள வேண்டும். இடுப்பைச் சாய்த்து எட்ட வேண்டியிருந்தால் சீட் உயரம் அதிகம். அந்த நிலையில் முழங்காலின் பின்பக்கம் வலிக்கும். சீட் தாழ்ந்திருந்தால் முன்பக்கம் வலிக்கும். இதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள்.

சவாரிக்கு முன்: ஐந்து நிமிடம்

காலை ஐந்து மணிக்கு உடம்பு இறுக்கமாக இருக்கும். அந்த நேரத்தில் ஓர் ஆசனத்தில் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று இழுத்துப் பிடித்து நிற்பது சரியல்ல. நீண்ட நேரம் இழுத்துப் பிடித்த தசை, உடனே அடுத்து வரும் வேலையில் தன் பலத்தைச் சற்று இழக்கிறது. அதனால் இங்கே எல்லாமே அசைவுதான்.

சூரிய நமஸ்காரம் தெரிந்தவர்களுக்கு வேறு எதுவும் தேவையில்லை. மெதுவாக நாலு சுற்று செய்யுங்கள். 12 நிலை கொண்ட முறையில் நாலாவதும் ஒன்பதாவதும் அஸ்வ சஞ்சலனாசனம், அதாவது ஒரு காலைப் பின்னால் நீட்டி முழங்காலைத் தரையில் வைக்கும் நிலை. சைக்கிள்காரருக்கு வேண்டிய மாற்று அதற்குள்ளேயே இருக்கிறது. அந்த இரண்டு நிலையில் மட்டும் கூடுதலாக ஒரு மூச்சு நில்லுங்கள்.

தெரியாதவர்கள் இப்படிச் செய்யலாம். கை, முழங்கால் ஊன்றி நாலு கால் நிலையில் நின்று, மூச்சை இழுக்கும்போது மார்பை விரித்து நிமிர்ந்து, விடும்போது முதுகைக் கூனுங்கள். பூனை முதுகை வளைப்பதுபோல் செய்யும் மார்ஜாரி ஆசனம் இது, பத்து முறை போதும். அங்கிருந்து கைகளும் பாதங்களும் தரையில் ஊன்றியிருக்க, இடுப்பை மேலே தூக்கி அதோமுக சுவானாசனத்துக்குப் போங்கள். ஒரு முழங்காலை மடக்கி மற்றக் குதிகாலைத் தரையை நோக்கி அழுத்தி, நின்ற இடத்தில் நடப்பதுபோல் மாற்றி மாற்றிப் பக்கத்துக்குப் பத்து. பிறகு ஒரு காலை முன்னால் வைத்து, இடுப்பை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டி ஆறு முறை, அடுத்த காலுக்கும் அப்படியே. கடைசியாகச் சுவரைப் பிடித்து நின்று, காலை முன்னும் பின்னும் ஊஞ்சல்போல் வீசுங்கள். சரி, கிளம்பலாம்.

வழியில் டீ குடிக்க நிற்கும்போது: இரண்டு நிமிடம்

நெடுந்தூரம் போகிறவர்களுக்கு இது மிக அவசியம். குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சவாரியை ப்ரெவே என்பார்கள். 200 கிலோமீட்டர் ப்ரெவேக்கு 13 மணி 30 நிமிடம் அவகாசம் இருக்கிறது, அதில் இரண்டு நிமிடம் ஒரு பொருட்டே இல்லை. நின்ற இடத்தில் உட்கார பெஞ்சு தேடாதீர்கள். கொஞ்சம் நில்லுங்கள்.

ஒரு மதில் சுவரிலோ மரத்திலோ இரு கைகளையும் இடுப்பு உயரத்தில் ஊன்றி, பின்னால் நடந்து, முதுகு நீளும்படி இடுப்பைப் பின்னுக்குத் தள்ளுங்கள். சைக்கிளைப் பிடித்துச் செய்தால் அது உருண்டுவிடும். ஐந்து மூச்சு. நிமிர்ந்து, கைகளைப் பின்னால் கோத்து, தோள்பட்டைகளை ஒன்றோடொன்று நெருக்கி மார்பை விரியுங்கள். பிறகு ஒரு காலை ஒன்றரை அடி பின்னால் வைத்து, அந்தப் பக்கப் பிட்டத்தை இறுக்குங்கள். இடுப்பின் முன்பக்கம் விரிவது தெரியும். பெடலில் மாட்டிக்கொள்ளும் க்ளீட் ஷூ வழுக்கும் என்பதால் ஒரு கையால் எதையாவது பிடித்துக்கொள்வது நல்லது. விரல்களை விரித்து மூடி, மணிக்கட்டைச் சுழற்றிவிட்டு டீயை எடுத்துக்கொள்ளலாம்.

ஏற்காடு போன்ற மலையில் ஏறுகிறவர்களுக்கு ஒரு கூடுதல் யோசனை. 20 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு மூன்றுக்கு ஒருமுறை சீட்டிலிருந்து எழுந்து, நின்றபடி பத்துப் பதினைந்து மிதி மிதியுங்கள். இடுப்பு விரிய அதுவும் ஒரு வழி.

சவாரிக்குப் பின்: பதினைந்து நிமிடம்

ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஆனால் இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். சவாரி முடிந்ததும் கூட்டமாகப் பொங்கல், வடை சாப்பிடப் போய், அங்கே முக்கால் மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து, வீட்டுக்கு வந்து படுத்துவிடுகிறோம். குனிந்த உடம்பு குனிந்தபடியே ஆறிவிடுகிறது. சாப்பிடப் போகும் முன் முதல் ஆசனத்தை மட்டுமாவது, சைக்கிளை நிறுத்திய இடத்திலேயே செய்துவிடுங்கள்.

இறங்கியதும் ஐந்து நிமிடம் நடந்து, தண்ணீர் குடித்து, நனைந்த உடையை மாற்றுங்கள். கெண்டைக்கால் தசை பிடித்துக்கொண்டால் உதறி இழுக்காமல், காலை நீட்டி விரல்களை மெல்ல உங்கள் பக்கம் கொண்டுவந்து, அது விடும்வரை காத்திருங்கள்.

முதலில் ஆஞ்சநேயாசனம். வலது முழங்காலை மடித்த துண்டின் மேல் வைத்து, இடது பாதத்தை முன்னால் ஊன்றுங்கள். பெரும்பாலோர் இங்கே உடனே முன்னால் பாய்ந்துவிடுகிறார்கள். உடம்பு நிறையக் கீழே போனதுபோல் இருக்கும், உண்மையில் கீழ்முதுகு உள்வாங்கி அங்கேதான் வளைகிறது, தசை விரிவதே இல்லை. அப்படிச் செய்யாமல், வால் எலும்பைக் கீழ்நோக்கி இழுத்து, தொப்புளைச் சற்று உள்ளிழுத்து, வலது பிட்டத்தை இறுக்குங்கள். உடம்பு இம்மியளவும் நகராமலே வலது தொடையின் மேற்பகுதியில் இழுப்பு தெரிய வேண்டும். தெரிந்த பிறகு, அந்த இறுக்கத்தை விடாமல், இரண்டு மூன்று அங்குலம் முன்னால் நகர்ந்தால் போதும். வலது கையை மேலே தூக்கி உடலைச் சற்று இடப்பக்கம் சாய்த்தால் இழுப்பு விலா வரைக்கும் ஏறும். எட்டு முதல் பத்து மூச்சு, ஏறத்தாழ ஒரு நிமிடம். பிறகு மறுபக்கம். இந்த ஒன்றைச் சரியாகச் செய்யத் தொடங்கிய பிறகுதான் என் முதுகு வலி குறைய ஆரம்பித்தது. அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டாவது, சுப்த பாதாங்குஷ்டாசனம். மல்லாந்து படுத்து, வேட்டியை வலது உள்ளங்காலில் மாட்டிக் காலை மேலே தூக்குங்கள். இடது கால் தரையோடு நீண்டிருக்கட்டும், அதற்குள்ளேயே இடுப்பின் முன்பக்கம் விரிகிறது. முழங்கால் கொஞ்சம் மடங்கியிருந்தால் பரவாயில்லை. காலை முகத்துக்கு அருகே கொண்டுவருவது நோக்கமே இல்லை, இடுப்பு தரையை விட்டு எழாமல் இருப்பதுதான் முக்கியம். இழுப்பு தொடையின் நடுவில் தெரிய வேண்டும். முழங்காலுக்குப் பின்னால் மின்சாரம் பாய்வதுபோல் தெரிந்தால் நரம்பு இழுபடுகிறது, காலைத் தாழ்த்துங்கள். பக்கத்துக்கு ஒரு நிமிடம். உட்கார்ந்து காலைத் தொடும் பச்சிமோத்தானாசனத்தைவிட இது சைக்கிள்காரருக்கு நல்லது என்பது என் அனுபவம். பின்தொடை விரிகிறது, ஏற்கெனவே கூனிய முதுகு தரையில் நேராக ஓய்வெடுக்கிறது.

அதே படுத்த நிலையில் வலது கணுக்காலை இடது முழங்காலுக்குச் சற்று மேலே தொடையில் வைத்து, இடது தொடையைக் கைகளால் மார்பை நோக்கி இழுங்கள். இது சுப்த கபோதாசனம். பிட்டத்துக்குள் ஆழமாக இருக்கும் இறுக்கத்தை இது விடுவிக்கும். பக்கத்துக்கு ஒரு நிமிடம்.

அடுத்து சேதுபந்தாசனம். முழங்கால்களை மடக்கிப் பாதங்களை ஊன்றி இடுப்பைத் தூக்குங்கள். ஐந்து மூச்சு நின்று இறங்கி, மூன்று முறை. பிட்டத்துத் தசை வேலை செய்தால்தான் முன்னிடுப்புத் தசை விட்டுக்கொடுக்கும். அந்த வேலையை இது செய்கிறது.

இப்போது மேல்முதுகு. துண்டைக் கெட்டியாகச் சுருட்டி, தோள்பட்டை எலும்புகளுக்குக் கீழே முதுகுக்குக் குறுக்காக வைத்து, அதன் மேல் படுத்துக் கைகளை விரித்துவிடுங்கள். கழுத்து தொங்கினால் தலைக்குத் தலையணை வையுங்கள். இரண்டு நிமிடம் எதுவும் செய்யாமல் மூச்சு மட்டும் விட்டால் போதும், விலா எலும்புகள் ஒவ்வொன்றாக விரிவதை உணரலாம்.

கடைசியாக, பிட்டத்தைச் சுவரருகே கொண்டுபோய்க் கால்களைச் சுவரில் சாய்த்து மூன்று நிமிடம் விபரீதகரணி. கால் கனம் குறைந்ததும் மெல்ல எழுந்து, பொங்கலுக்குப் போகலாம்.

சவாரி இல்லாத நாளின் இரவு: இருபது நிமிடம்

வாரத்தில் இரண்டு மூன்று இரவு போதும். இரவில் உடம்பு சூடாக, இளக்கமாக இருக்கும் என்பதால், நிஜமான நீட்சி இப்போதுதான் கிடைக்கும். மேலே சொன்ன ஆஞ்சநேயாசனத்தையும் சுப்த பாதாங்குஷ்டாசனத்தையும் முதலில் செய்துவிட்டு இவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குப்புறப் படுத்து புஜங்காசனம், கைகளால் தள்ளாமல் முதுகின் பலத்தால் எழும்படி, ஐந்து முறை. தொடர்ந்து சலபாசனம், இரண்டு கால்களையும் மார்பையும் தூக்கி ஐந்து மூச்சு, மூன்று முறை. இவை நீட்சிக்காக அல்ல, பலத்துக்காக. நான்கு மணி நேரம் உடம்பைத் தாங்க முதுகில் பலம் வேண்டும், நெகிழ்வு மட்டும் போதாது.

பிறகு குத்தவைத்து உட்காருங்கள், அதுதான் மாலாசனம். நம் வீடுகளில் அரிவாள்மனை, அம்மி, தரையில் சாப்பாடு எல்லாம் இருந்த காலத்தில் இதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. இன்று நாற்பது வயதுக்காரர் பலருக்குக் குதிகால் தரையில் படுவதில்லை. குதிகாலுக்குக் கீழே மடித்த துண்டை வைத்துக்கொள்ளுங்கள். இது கணுக்காலுக்கும் தொடை இடுக்குக்கும் நல்லது. ஆனால் இதிலும் இடுப்பு மடங்கித்தான் இருக்கிறது, ஆகவே ஆஞ்சநேயாசனத்துக்கு இது ஈடாகாது. முழங்கால் வலி உள்ளவர்கள் விட்டுவிடலாம்.

மல்லாந்து படுத்து முழங்கால்களை ஒரு பக்கம் சாய்த்து, முகத்தை மறுபக்கம் திருப்பி ஒரு நிமிடம், அடுத்த பக்கமும். சவாசனம் ஐந்து நிமிடம்.

ஒரு காலை முன்னால் மடக்கி, மற்றதைப் பின்னால் நீட்டி உட்காரும் ஏகபாத ராஜ கபோதாசனத்தைப் படங்களில் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் உண்டு. இறுகிய இடுப்போடு அதைச் செய்தால் திருப்பம் முழுவதும் முழங்காலுக்குப் போய்விடும். படுத்தபடி செய்யும் வடிவம் சுலபமாகும் வரை காத்திருங்கள்.

கழுத்தும் கையும்

1983-ல் அமெரிக்காவைக் குறுக்காகக் கடக்கும் பந்தயத்தில் ஓட்டிய மைக்கேல் ஷெர்மருக்குக் கழுத்துத் தசைகள் முற்றிலும் சோர்ந்து, தலையைத் தூக்கவே முடியாமல் போனது. நெடுந்தூரச் சைக்கிள்காரர்கள் இன்றும் அந்த நிலையை ஷெர்மர் கழுத்து என்கிறார்கள். நமக்கு அவ்வளவு தூரம் இல்லையென்றாலும், கழுத்துக்கு இழுப்பைவிடப் பலம்தான் தேவை என்று அதிலிருந்து தெரிகிறது. சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, மோவாயை உள்ளிழுத்துப் பின்தலையால் சுவரை மெல்ல அழுத்துங்கள், ஐந்து விநாடி, பத்து முறை. தலையை வட்டமாகச் சுழற்றுவது வேண்டாம்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் உள்ளங்கையில் அல்நார் நரம்பு அழுந்துகிறது. ஹேண்டில்பாரில் கை வைக்கும் இடத்தை அடிக்கடி மாற்றுங்கள், முழங்கையைச் சற்று மடக்கி வையுங்கள். உட்காரும் இடம் மரத்துப்போவதற்கும் ஆசனத்தால் தீர்வு இல்லை. சீட்டின் அகலத்தையும் சாய்வையும் பாருங்கள், மரத்த தன்மை நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். கால் வழியாகக் கீழே இறங்கும் வலி, கால் பலவீனம், இரவில் தூங்கவிடாத வலி இருந்தாலும் அப்படியே.

ஆறு வாரக் கணக்கு

ஒரு தசைக்கு ஒரு நாளைக்கு மொத்தம் ஒரு நிமிடம் என்ற அளவில், வாரத்துக்கு நாலைந்து நாள் கிடைத்தால் மாற்றம் வரும். ஞாயிறு ஒரே நாளில் ஒரு மணி நேரம் செய்வது அதற்குச் சமமாகாது. முதல் இரண்டு வாரம் சவாரிக்குப் பின் செய்யும் பதினைந்து நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது பழகியதும் இரவுப் பயிற்சியைச் சேருங்கள்.

தொடங்கும் நாளில் தாமஸ் சோதனையைச் செய்து, தொடைக்கும் மெத்தைக்கும் நடுவே எத்தனை விரல் இடைவெளி என்று வலது, இடது இரண்டையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை, அதிகம் இறுகிய பக்கத்துக்கு ஆஞ்சநேயாசனம் ஒரு தடவை கூடுதல். ஆறு வாரம் கழித்து, அதே கட்டிலில், சவாரி செய்யாத நாளில் மறுபடி அளந்து பாருங்கள். எனக்கு வலதில் ஒரு விரலாகக் குறைந்தது, இடதில் இன்னும் இரண்டு விரல் இருக்கிறது. இடது பக்கத்துக்கு இப்போதும் கூடுதலாக ஒரு நிமிடம் கொடுத்துவருகிறேன்.